முதல் துண்டு சரியாக வரும் எந்திரம்

எங்கள் பட்டறைக்கென்று சொந்தமாக ஒரு பொருள் கிடையாது. பிறர் வரைபடம் கொண்டுவருவர். உலோகமும் பெரும்பாலும் அவர்களே தருவர். அதனை வரைபடத்தில் கண்ட அளவுக்குக் குடைந்தும் துளையிட்டும் திருப்பித் தருவது எங்கள் தொழில். ஒரு நாள் நீரேற்றுக் கருவிக்கு மூடி வரும். மறுநாள் ரப்பர் ஆலைக்கு அச்சு. அதற்கு மறுநாள் மருத்துவமனைக் கட்டிலுக்குத் தாங்கி. ஆயிரம் வேண்டும் என்று எவரும் எங்களைத் தேடி வந்ததில்லை. மூன்று, ஐந்து, மிஞ்சினால் பன்னிரண்டு. திருவனந்தபுரத்தின் தென்கோடியில், தொழிற்பேட்டையின் ஒரு தகரக் கொட்டகையில் இத்தொழிலை நானும் என் மனைவியின் தம்பியும் தொடங்கியபோது எனக்கு ஐம்பத்தெட்டு வயது நிறைந்திருந்தது. அரசுக் கருவிக்கூடம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றிருந்தேன். ஓய்வு பெற்றவர்கள் எங்கள் ஸ்ரீவராகத் தெருக்களில் காலையில் கோயிலுக்கும் மாலையில் கோட்டைக்குள் நடைக்கும் போய்வருவது வழக்கம். எனக்கு அவ்விரண்டோடு ஒரு மைக்ரோமீட்டரும் வேண்டியிருந்தது.

மைத்துனன் என்னினும் ஒன்பது ஆண்டு இளையவன். வாடிக்கையாளரைக் காண்பது, பொருளை ஏற்றி அனுப்புவது, அலுவலகப் படிகள் ஏறுவது எல்லாம் அவன் பொறுப்பு. வரைபடமும் அளவும் என் பொறுப்பு. உண்மையில் உலோகத்தை வெட்டியவர் நாங்கள் இருவரும் அல்லர். நாஞ்சில் நாட்டிலிருந்து மணமாகி இந்நகருக்கு வந்தவரும், எந்திரம் இயக்குவதில் இருபதாண்டுப் பழக்கம் உடையவருமான ஓர் அம்மையார் எங்கள் ஒரே வி.எம்.சி.யை ஓட்டினார். செங்குத்தாக நிற்கும் சுழல்தண்டில் உளியைப் பூட்டி, கணினி இடும் ஆணைப்படி தானே உளி மாற்றிக்கொண்டு, உலோகக் கட்டியை மேலிருந்து குடையும் எந்திரத்துக்குத் தொழிற்பேட்டை முழுவதும் அதுவே பெயர். முதற் சில மாதங்கள் நான் அதனைச் ‘செங்குத்துக் குடைவெந்திரம்’ என்று அழைத்துப் பார்த்தேன்.

“அத்திம்பேர், நீங்க செங்குத்துன்னு சொன்னா லோடு எறக்க வரவன் பொன்முடி மலைக்குப் போகணுமோன்னு பயப்படறான்” என்றான் மைத்துனன்.

அன்றோடு விட்டுவிட்டேன்.

அந்த எந்திரம் பழையது. வேறொருவர் ஓட்டித் தேய்த்து விற்றது. அது கொட்டகைக்கு வந்த நாளில் ஒரு வழக்கத்தை நானே ஏற்படுத்தினேன். ஒவ்வொரு புதிய வேலையிலும் முதலில் வெட்டப்படும் துண்டு பிள்ளையாருக்கு. ஐந்து கேட்டால் ஆறு வெட்டுவோம். முதலாவதைத் துடைத்து, சுவரிலிருந்த பிள்ளையார் படத்தின் கீழ்ப் பலகையில் வைத்து, ஒரு செம்பருத்தியைச் சாத்திவிட்டு, இரண்டாவதிலிருந்து அளக்கத் தொடங்குவோம். நிறைபுத்தரித் திருநாளில் கோயிலுக்குள் புதுக்கதிர் வருவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். முதல் விளைவு தெய்வத்துக்கு என்பது எனக்கு இயல்பாகவே தோன்றியது. சுவாமிக்கு வைத்ததை அளந்து பார்க்கக் கூடாது என்று எவரும் விதி செய்யவில்லை. ஆயினும் எவரும் அளக்கவில்லை.

ஐந்து ஆண்டுகள் இவ்வாறே சென்றன. ஆறாம் ஆண்டில், நகரின் வடபுறத்தில் நுண்கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்று எங்களுக்கு முதன்முறையாக ஒரு வேலை கொடுத்தது. வால்வு ஒன்றின் உடற்பகுதி. அரிய வகைத் துருவேறா எஃகைக் காய்ச்சி அடித்து உருவாக்கிய ஐந்து கட்டிகளை எண்ணெய்த் தாளில் சுற்றி அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் எண் பொறித்திருந்தது. ஐந்து வந்தால் ஐந்தும் வேலை முடிந்து திரும்ப வேண்டும். உபரி கிடையாது.

“சார், பிள்ளையாருக்கு?” என்று கேட்டார் அம்மையார்.

“இந்த முறை பூ மட்டும் போதும்” என்றேன்.

ஒரு கட்டியைக் குடைய ஒன்றரை மணி நேரம் ஆகும். தொடக்கத்தில் மேற்பரப்பு ஒன்றைச் சீவ வேண்டும். இறுதியில், உள்ளே ஆழத்தில் வால்வு அமரும் தளத்தை வெட்ட வேண்டும். அவ்விரு பரப்புகளுக்கும் இடைப்பட்ட ஆழம், வரைபடம் சொன்ன அளவிலிருந்து பத்து மைக்ரானுக்குமேல் விலகக் கூடாது. ஒரு தலைமயிரின் பருமனை ஆறாகக் கிழித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் அந்தப் பத்து மைக்ரான். முதல் துண்டை அளந்த அம்மையார் கருவியை என் கையில் தந்தார். தளம் இருபத்திரண்டு மைக்ரான் கூடுதலாக இறங்கியிருந்தது. எஞ்சிய நான்கும் குறையின்றி வந்தன. ஆனால் வெட்டிய எஃகை மீண்டும் ஒட்டவைக்க எவராலும் இயலாது.

அந்நிறுவனத்தின் தர அலுவலர் கடிந்து பேசும் இயல்புடையவர் அல்லர். மலையாளி, எங்களிடம் தமிழைக் கலந்து பேசுவார். நான்கு துண்டுகளையும் கெட்ட ஒன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தார்.

“சாரே, நாலும் ஃபஸ்ட் கிளாஸ். பக்ஷே அஞ்சு தந்தா அஞ்சு கிட்டணும், அல்லே?”

“ஆமாம்” என்றேன்.

“நாலு மாசம் கழிஞ்சு இன்னொரு லாட் வரும். ஆறு பீஸ். அதுல ஒண்ணு போனாலும் லிஸ்ட்ல உங்க பேர வெட்டணும். எனக்கு இஷ்டமில்ல. ரூல் அதாணு.”

அந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் பெயர் உள்ள பட்டறைக்கு ஆண்டு முழுவதும் நுண்ணிய வேலை கிடைக்கும். நீக்கப்பட்ட பெயரோ ஒரு நிறுவனத்தோடு நிற்பதில்லை. தர அலுவலர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள். எங்களை நம்பி அப்போது எட்டுப் பேர் வேலை செய்தனர். அந்த ஆறு துண்டுகளில் ஒன்று தவறினால் எங்களுக்கு மீந்திருப்பவை வாயிற்கதவுக் கீல்களும் மோட்டார் மூடிகளுமே. அவற்றுக்கு எட்டுப் பேர் வேண்டியதில்லை.

பட்டறைக்குத் திரும்பியதும் அம்மையாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் எந்திரத்தின் அருகே சென்று நின்றார்.

“சார், ஒரு காரியம் கேக்கட்டா? மொதப் பீஸ் மட்டும் போச்சு, பின்ன நாலும் சரியாட்டு வந்துல்லா? இது எப்பவுமே இப்பிடித்தானோ என்னமோ. நாம மொதப் பீஸ அளந்ததே கெடையாதே.”

சொல்லிவிட்டு அவர் பிள்ளையார் பலகையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஐந்தாண்டு முதல் துண்டுகள் அங்கே அடுக்கடுக்காக இருந்தன.

மைத்துனனுக்கு மனம் ஒப்பவில்லை. “ஸ்வாமிக்கு வெச்சதை எடுத்து அளக்கறதாவது! பிள்ளையார்கிட்டயே ஆடிட் பண்றாப்ல இருக்கு.”

“அளந்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிடுவோம்.”

“அப்ப மொதல்ல சூடம் ஏத்துங்கோ. அவர் கோச்சுண்டார்னா நீங்களே பதில் சொல்லிக்கணும்.”

சூடம் ஏற்றினேன். பிறகு ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் முழுவதும் அமர்ந்து, பழைய வரைபடங்களைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு ஒவ்வொரு துண்டாக அளந்தேன். விரைவில் வெட்டி முடித்த சிறு துண்டுகளில் பெரிய குற்றம் இல்லை. ஒரு மணிக்கு மேல் வெட்டிய துண்டுகளில், கடைசியில் வெட்டிய பரப்பு முதலில் வெட்டியதைவிட ஆழமாக இறங்கியிருந்தது. ஏறத்தாழ எல்லாவற்றிலும் அப்படி. எல்லாம் ஒரே திசையில். காரணம் அப்போதே விளங்கிவிட்டது. குளிர்ந்து கிடக்கும் எந்திரத்தை ஓடவிட்டதும் சுழல்தண்டு சூடேறி நீள்கிறது. நீளும்போது கீழ்நோக்கி இறங்குகிறது. ஆகவே முதல் துண்டின் தொடக்கத்தில் இருந்த எந்திரம் அத்துண்டின் முடிவில் இருப்பதில்லை. இரண்டாம் துண்டு வருவதற்குள் சூடு ஒரு நிலைக்கு வந்துவிடுகிறது. இதனைக் கருவிக்கூடத்தில் பயின்றவன்தான் நான். பயின்றது நினைவுக்கு வருமுன்பே ஒரு வழக்கத்தை ஏற்படுத்திவிட்டேன். எந்திரத்தின் பிழைக்கு ஐந்தாண்டுகளாக நாங்கள் பூச்சூட்டி வந்திருந்தோம்.

“பாவம் பிள்ளையாரு. அஞ்சு வருசமா ரிஜெக்ட் பீஸயே வாங்கி வெச்சுக்கிட்டு ஒண்ணும் மிண்டாம இருந்திருக்காரு” என்றார் அம்மையார்.

மைத்துனன் சிரிக்கவில்லை. “இதுக்கென்ன, காத்தால வந்ததும் அரைமணி சும்மா ஓட விட்டா சூடாயிடறது. அப்பறம் வெட்டலாமே.”

ஒரே பொருளை நாள் முழுவதும் செய்யும் ஆலைக்கு அது போதும். எங்களுக்கோ ஒரு நாளில் மூன்று முறை வேலை மாறும். ஒவ்வொரு முறையும் பிடிப்புகளைக் கழற்றி, வேறு பூட்டி, மையம் பார்த்துச் சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் எந்திரம் ஆறிவிடும். போதாக்குறைக்கு எங்கள் பேட்டையின் மின்சாரம், மழை வரும் என்று கேள்விப்பட்டாலே போய்விடும். ஒவ்வொரு முறையும் சூடேற்றிக் காத்திருந்தால் பாதிப் பகல் காத்திருப்பிலேயே கழியும். எங்களைப் போன்ற பட்டறைக்கு எல்லாத் துண்டும் முதல் துண்டுதான். ஆகவே புதிய எந்திரம் வாங்குவது என்று முடிவு செய்தோம். பிள்ளையாருக்கு அன்று முதல் பூ மட்டுமே என்பதும் முடிவாயிற்று.

எந்த எந்திரம் என்பதில்தான் வழக்குப் பிறந்தது.

மைத்துனன் வண்ண அச்சிட்ட விளக்கப் புத்தகங்களைத் திரட்டிக்கொண்டு வந்தான். அவன் மனம் ஒரு பெரிய எந்திரத்தில் பதிந்துவிட்டது. ஆள் நீட்டிப் படுக்கக்கூடிய மேடை, முப்பது உளி தாங்கும் சக்கரம், கண் தொடர முடியாத வேகம். கொட்டகை வாயிலை அளந்து, அது நுழையப் பக்கச் சுவரை எவ்வளவு இடிக்க வேண்டும் என்றுகூடக் குறித்து வைத்திருந்தான்.

நான் வேலைப் பதிவேட்டை எடுத்தேன். எங்களிடம் இதுவரை வந்த கட்டிகளில் இரண்டு சாண் நீளத்தைத் தாண்டியவை மிகச் சிலவே என்று காட்டினேன்.

“வராததுக்குக் காரணமே நம்ம மெஷின் சின்னதா இருக்கறதுதானே அத்திம்பேர்? பெரிசு இருந்தா பெரிய வேலை வரும்.”

பதிவேடு நடந்ததைச் சொல்லுமேயன்றி நடக்கக்கூடியதைச் சொல்லாது. ஆகவே அவனோடு வாதிடுவதை நிறுத்தி, ஒரே ஒரு வினாவை மட்டும் முன்வைத்தேன். குளிர்ந்து கிடக்கும் நிலையிலிருந்து தொடங்கினால் இந்த எந்திரம் முதல் துண்டை எப்படி வெட்டும்? புத்தகங்களைப் புரட்டினோம். எடை இருந்தது, வேகம் இருந்தது, மேடையின் பரப்பு இருந்தது. நான் கேட்டதற்கு மட்டும் ஒருவரும் விடை அச்சிட்டிருக்கவில்லை. கோவையில் இருந்த மூன்று விற்பனையாளர்களுக்கு எழுதினேன். மூவரும் ஒரே பதிலைத்தான் அனுப்பினார்கள்: நேரில் வாருங்கள்.

வால்வுக்கு வந்ததைப் போன்ற எஃகில் மூன்று கட்டிகள் தயார் செய்தேன். அம்மையார் அவற்றுக்கென ஓர் ஆணைநிரல் எழுதினார். முதலில் ஒரு பரப்பைச் சீவும். பிறகு ஒன்றரை மணி நேரம் பள்ளங்களைக் குடையும். இறுதியில், முதற் பரப்பின் அருகிலேயே அதே உயரத்தில் இன்னொரு பரப்பைச் சீவும். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஓர் எண். அந்த ஓர் எண்ணைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை என்று மூவரும் ஒப்புக்கொண்டோம். காலை வண்டியில் தம்பானூர் நிலையத்திலிருந்து கோவைக்குப் புறப்பட்டோம். துணிப்பையிலிருந்த கட்டிகளின் கனம் தாளாமல் மைத்துனன் வழிநெடுகக் கைமாற்றிக்கொண்டே வந்தான்.

“சார் நல்ல சுகமாட்டு கைவீசி வாறாரு, நீங்கதான் பாவம் சொமக்கிய” என்று அம்மையார் அவனைச் சீண்டினார்.

“நான் விரும்பற மெஷின் தோக்கறதுக்கு நானே கல்லு சொமக்கறேன், பாத்துக்கோங்கோ” என்றான் அவன்.

முதற் காட்சிக்கூடத்தில் அவன் விரும்பிய பெரிய எந்திரமே நின்றது. எங்களுக்காக அலுமினியத்தில் ஒரு தாமரையை வெட்டிக் காட்டினார்கள். இதழ் இதழாக மலர்ந்து, கண்ணாடிபோல் ஒளிர்ந்தது. மைத்துனன் அதைக் கையில் வாங்கி என் முகத்துக்கு நேரே நீட்டினான். நான் எங்கள் கட்டியை நீட்டினேன். எந்திரத்தை அன்று மாலையோடு நிறுத்திவைத்து, மறுநாள் காலையில் ஓடவிட்டதும் முதல் வேலையாக இதை வெட்டித் தர வேண்டும் என்றேன்.

விற்பனை இளைஞருக்குச் சிரிப்பு வந்தது. “ஏனுங் சார், எந்திரிச்ச ஒடனே வேலை செய்யச் சொல்றீங்களா? நம்மளே ஒரு காப்பித்தண்ணி குடிச்சாத்தானுங் எந்திரிக்கறம்.”

ஆயினும் இசைந்தார். மறுநாள் ஒன்பது மணிக்குச் சென்றோம். அம்மையார், குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பவரைப்போல, சுழல்தண்டின் உறைமேல் புறங்கையை வைத்தார்.

“சார், இது ஒறங்கி எந்திச்ச மெஷின் இல்ல. தொட்டுப் பாருங்க.”

தொட்டேன். இளஞ்சூடு. இளைஞர் தரையைப் பார்த்தார். “மேனேஜர்தானுங் ஏழு மணிக்கே ஓட்டி வெக்கச் சொன்னாரு. வாறவங்க முன்னால நல்லா வெட்டோணுமல்லங்” என்றார். அவரிடம் எனக்குச் சினம் எழவில்லை. விருந்தினர் வருமுன் வீட்டைப் பெருக்கிவைப்பது போன்றதுதான் அதுவும். ஆனால் பெருக்காத வீட்டைப் பார்க்கவே நாங்கள் வந்திருந்தோம். கட்டியை வெட்டாமலே திருப்பி வாங்கிக்கொண்டோம்.

இரண்டாவது கூடத்தில் நேர்மையாகக் குளிரிலிருந்தே வெட்டினார்கள். பதினெட்டு மைக்ரான். எங்கள் பழைய எந்திரத்தின் தங்கை என்று அம்மையார் தீர்ப்புக் கூறினார்.

மூன்றாவது கூடம் நகரின் வெளிப்புறத்தில் ஒரு சிறு கட்டடம். விற்பனையாளர் வெளியூர் சென்றிருந்ததால் பழுதுபார்க்கும் பொறியாளரே எங்களை வரவேற்றார். அங்கே நின்ற எந்திரம் குறுகலானது. அகன்ற இடுப்பும் தடித்த வார்ப்பிரும்புத் தூணுமாக அமர்ந்திருந்தது. உளிகள் இருபதுதான். வேகமும் குறைவு. மைத்துனன் அதைச் சுற்றி வந்தான்.

“ஆட்டுக்கல்லாட்டம் உக்காந்துண்டிருக்கு. இதுல தோசைக்கு அரைக்கலாம் அத்திம்பேர்.”

பொறியாளரிடம் எங்கள் வேண்டுகோளைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சுழல்தண்டைச் சுற்றி ஒரே வெம்மையில் எண்ணெயை ஓடவிடும் அமைப்பு இதில் உண்டு, அதனால் தண்டு நீள்வதற்கு இடமில்லை என்று விளக்கினார். பிறகு எழுந்து, மின்பெட்டியை அணைத்துப் பூட்டி, சாவியை என் கையில் வைத்தார். “நாளைக்குக் காலையில நீங்களே வந்து தொறந்து விடுங்க. அப்பறம் சந்தேகம் இருக்காதுல்லங்.”

மறுநாள் காலை நானே திறந்தேன். வெட்டி முடிய இரண்டு மணி நேரம் ஆயிற்று. பொறியாளர் அளந்தார், அம்மையார் அளந்தார், நான் அளந்தேன். நான்கு மைக்ரான். நம்ப மாட்டாமல் மறுபடி அளந்தேன். அதே நான்கு.

நான் மைத்துனன் பக்கம் திரும்பினேன். வெற்றி முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவன் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“இங்க ஏசி ஓடறது. நம்ம கொட்டகை தகரம். சித்திரை வெயில்ல உள்ள நின்னா நமக்கே மூளை உருகறது. அங்க இந்த நாலு, நாலாவே இருக்குமா?”

இந்த வினா எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மூன்று கட்டியும் ஒரு நிரலும் ஓர் எண்ணும் வகுத்துக்கொண்டு வந்த நான், தலைக்குமேல் வீசிய குளிர்காற்றை மறந்துபோனேன். பொறியாளர் அவனைப் பார்த்த பார்வையில் மதிப்பு இருந்தது.

“கரெக்டாக் கேட்டீங்க. இன்னைக்கே ஏசிய நிறுத்திப்போடலாங். நாளைக்குக் காலையில ரெண்டு ஷட்டரையும் தூக்கிவிட்டு, வெயில் ஏற ஏற வெட்டுவம்.”

முதற்கூடத்திலிருந்து வெட்டாமல் திரும்பிய கட்டி அதற்குப் பயன்பட்டது. வெளிக்காற்றும் தூசியும் தாராளமாக வந்தன. பொறியாளரின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. இம்முறை மைத்துனனே அளந்தான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முள்ளின் அசைவை மூச்சடக்கிப் பார்த்தான்.

“ஆறு” என்றான். கருவியை மெல்ல மேசையில் வைத்தான். “சரி. ஆட்டுக்கல்லே வரட்டும்.”

அம்மையார் கைதட்டினார்.

எந்திரம் வந்திறங்கி, தளத்தில் ஊன்றி, நீர்மட்டம் பார்த்து, இரண்டு வாரம் சிறு வேலைகளில் பழகிய பின் தர அலுவலரிடமிருந்து பெட்டி வந்தது. அவரே காரில் கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்தால் எண்ணெய்த் தாளில் சுற்றிய கட்டிகள் ஏழு இருந்தன.

“ஆறுன்னு சொன்னீர்களே?” என்றேன்.

“ஆறு மதி, போதும். ஏழாவது ஸ்பேர். நான் எழுதிக் கேட்டு வாங்கினது. போன தடவ நடந்தது எனக்கு ஓர்மையுண்டு சாரே.” குரலைத் தாழ்த்தினார். “மொதல்ல ஒண்ணு போனாலும் பேடிக்கண்டா.”

அஞ்ச வேண்டாம் என்கிறார். நல்லெண்ணத்தால் செய்தது, அதனை மறுக்காமல் ஏற்றேன். நன்றி சொன்னேன். அவர் கார் வாயிலைக் கடந்ததும் அம்மையார் ஏழாவது கட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்து, தாளைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்து, கதவைச் சாத்தினார்.

“இதக் கண்ணு முன்னால வெச்சா கை அதத்தான் தேடும் சார்” என்றார்.

திங்கட்கிழமை காலை எந்திரம் குளிர்ந்திருந்தது. வேண்டுமென்றே அப்படி விட்டிருந்தோம். முதல் கட்டியைப் பூட்டி, பச்சைப் பொத்தானை அம்மையார் அழுத்தினார். இரண்டு மணி நேரம். மைத்துனன் மூன்று முறை தேநீர் வாங்கிவந்தான். மூன்றையும் அவனே குடித்தான். பட்டறையில் மற்றவர்களும் தத்தம் வேலையைச் செய்வதுபோல் செய்துகொண்டு அங்கேயே கண்ணாக இருந்தார்கள். எந்திரத்தின் கதவு திறந்தது. எண்ணெய் வடியும் துண்டை அம்மையார் கழுவி, துடைத்து, ஆறவிட்டு, அளவுக் கருவியில் வைத்தார். நான் எண்ணைப் படிக்கக் குனிந்தேன். என் தலையின் நிழல் முள்ளை மறைத்தது.

“தள்ளுங்க சார்” என்று என்னை விலக்கிவிட்டு அவரே படித்தார். “அஞ்சு மைக்ரான்.”

பட்டறையில் எழுந்த ஆரவாரம் பக்கத்துக் கொட்டகைக்காரர்களை ஓடிவரச் செய்தது. விபத்து நேர்ந்ததோ என்று அஞ்சினார்களாம். மைத்துனன் அவர்கள் ஒவ்வொருவரிடமும் “அஞ்சு! அஞ்சு!” என்று கைவிரித்துக் காட்டினான். எதில் ஐந்து என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பகல் முழுவதும் விளக்கியிருப்பான்.

இரண்டாவதும் மூன்றாவதும் செம்மையாக வந்தன. மூன்றாவதைக் கழற்றும்போது வானம் கறுத்து, பேட்டை முழுவதும் மின்சாரம் நின்றது. இரண்டு மணி நேரம் கழித்து வந்தபோது எந்திரம் நன்றாக ஆறியிருந்தது. அம்மையார் என்னைப் பார்த்தார். நான்காவது இப்போது மீண்டும் ஒரு முதல் துண்டு. சற்று ஓடவிட்டுச் சூடேற்றலாமா என்ற கேள்வி என் நாவின் நுனிவரை வந்தது.

“வேண்டாம் சார். இதுக்குத்தானே வாங்கினோம்” என்று கூறிப் பொத்தானை அழுத்தினார்.

அதுவும் ஐந்து மைக்ரான். மறுநாள் மாலைக்குள் ஆறும் முடிந்தன.

அலுவலரிடம் ஒப்படைக்க மூவருமாகச் சென்றோம். அம்மையார் வேலை நாளில் பட்டறையை விட்டு வரத் தயங்கினார். அவர் இன்றி நான் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். குளிரூட்டிய அளவைக் கூடத்தில், கருங்கல் மேடைமேல் ஒவ்வொரு துண்டாக வைத்து அவர்களுடைய கருவி தொட்டுத் தொட்டுப் பார்த்தது. கணினித் திரையில் பச்சை வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. ஆறாவதும் பச்சையாயிற்று. அலுவலர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, முதலில் அம்மையாருக்கும் பிறகு எங்களுக்கும் கைகொடுத்தார்.

அப்போது அம்மையார் பையிலிருந்து எண்ணெய்த் தாள் பொட்டலம் ஒன்றை எடுத்து மேடைமேல் வைத்தார்.

“இது எந்தா?”

“நீங்க தந்த ஏழாவது சார். தாளுகூடப் பிரிக்கல்ல.”

அலுவலர் அதைப் புரட்டிப் பார்த்தார். அவர்கள் நிறுவனத்தின் முத்திரை ஒட்டியபடியே இருந்தது. பக்கத்து மேசையில் இருந்த தம் சக அலுவலரை அழைத்தார். “இங்கோட்டு வா. ஸ்பேர் திரும்பி வந்து கண்டிட்டுண்டோ?” அவர் வந்து பார்த்து, கண்டதில்லை என்று தலையசைத்தார்.

பட்டியலை அலுவலர் எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். எங்கள் பட்டறையின் பெயருக்கு எதிரே இருந்த வினாக்குறியை அடித்துவிட்டு, பக்கத்தில் ஒப்பமிட்டார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு புதிய ஆணைத்தாளை எடுத்தார்.

“அடுத்தது இருபத்திநாலு. ஸ்பேர் எத்ர வைக்கணும்? ரெண்டு? மூணு?”

மைத்துனன் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினான். அதற்குள் அம்மையார் விடை சொல்லிவிட்டார்.

“இருபத்திநாலு தாங்க சார். இருபத்திநாலு தாறோம்.”

அலுவலர் ஒருகணம் அவரைப் பார்த்தார். உபரி என்னும் கட்டத்தில் ஒரு சுழியத்தை இட்டு, தாளை என் கையொப்பத்துக்காக நகர்த்தினார். பணிக்காலத்தில் எத்தனையோ தாள்களில் கையொப்பமிட்டிருக்கிறேன். ஒரு சுழியத்தின் அருகே அவ்வளவு பெருமிதத்தோடு என் பெயரை அதற்குமுன் எழுதியதில்லை.